நாகூர்க் குரல் கல்முனைக்கு வந்த கதை

1967 ஜனவரி 5ஆம் திகதி ரேடியோ சிலோன் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமானதைத்தான் இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். அதற்குள் பாடகர் நாகூர் ஈ. எம். ஹனிபா குறுக்கே வந்துவிட்டார். அந்தக் குரலுக்கு முன்னால் மற்றவர்கள் ஒதுங்கத்தான் வேண்டும்.

அந்தக் காலத்தில் கேஸ்கர் என்று ஒருவர் இருந்தார். சினிமாப் பாட்டால் பண்பாடு கெடுகிறதென்று 1952இல் அகில இந்திய வானொலியின் கதவைச் சாத்திய மந்திரி. அந்தப் புண்ணியவானால் இந்தியாவே கொழும்பின் ரேடியோ சிலோன் பக்கம் ரேடியோவைத் திருப்பியது. கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையில் நடந்ததோ வேறு. இங்கே சினிமாப் பாட்டுக்குப் பஞ்சமில்லை. அதற்கு நடுவே, கதாநாயகனும் சுவரொட்டியும் இல்லாமல் வெறும் இசைத்தட்டில் வந்த ஹனிபாவின் 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாட்டு சரிசமமாக உட்கார்ந்துகொண்டது.

இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சிகள் அதற்குத் திண்ணை போட்டுக் கொடுத்தன. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் நோன்பு திறக்க ரேடியோவில் பாங்குக்குக் காத்திருக்கும் பொழுது இருக்கிறதே, அதில் கேட்ட பாட்டு லேசில் போகாது. படப் பாட்டு படம் ஓடும்வரை. நோன்போ வருசம் தவறாமல் வரும். இசைக்கருவி கூடுமா கூடாதா என்ற வாதம் ஒருபுறம் நடக்கட்டும், பாட்டு அதற்காகக் காத்திருக்கவில்லை. முஸ்லிம் அல்லாதவர்களும் அதைத் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள்.

ஹனிபா வெறும் பக்திப் பாடகரில்லை, அசல் கட்சிக்காரர். தி.மு.க. கூட்டங்களில் தலைவர்கள் பேசவருமுன் ஆட்களைச் சேர்த்தது அவருடைய தொண்டை. பெரியார் வழிவந்த மேடையில் கட்சிப் பாட்டு, மறுநாள் தர்கா மேடையில் இறைவன் பாட்டு. இரண்டிலும் பாசாங்கு இல்லை என்பது என் கட்சி. தேர்தலில் நின்று தோற்றார். பிறகு மேலவை உறுப்பினரானார், வக்பு வாரியத் தலைவருமானார். 'பாவமன்னிப்பு' (1961), 'செம்பருத்தி' (1992) என்று சினிமாவிலும் பாடினார். சினிமாவை மட்டும் நம்பியிருந்தால் 2015 ஏப்ரலில் அவர் மறைந்தபோது இந்தக் கரை இவ்வளவு கலங்கியிராது.

எனக்கு ஒரு மனக்குறை. 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாட்டை எழுதியவர் ஆர். அப்துல் சலாம். அதை முழுதாகப் பாடிக்காட்டுகிறவர்களிடம் அந்தப் பெயரைக் கேளுங்கள், முழிப்பார்கள். பாடகருக்கு மாலை போட்ட ஊர், கவிஞரை வாசலிலேயே நிறுத்திவிட்டது. கலியாண வீட்டிலோ கந்தூரியிலோ அடுத்தமுறை அந்த இசைத்தட்டு சுழன்றால், அவர் பெயரையும் மைக்கில் சொல்லச் சொல்லுங்கள்.