கலப்புக் கரைப்பான்களில் இருவிருப்புப் பலபடிகளின் தன்னொழுங்கமைவு

நீரை நாடும் பகுதியும் நீரை விலக்கும் பகுதியும் ஒரே சங்கிலியில் பிணைந்திருக்கும் பெருமூலக்கூறுகள் இருவிருப்புப் பலபடிகள் எனப்படும். இவை கரைசலில் தாமாகவே கூடி உருண்டை, கோல், உள்ளீடற்ற நுண்பை எனப் பல வடிவங்களை எடுக்கின்றன. எந்த வடிவம் அமையும் என்பதைப் பலபடியின் வாய்பாடு மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்தக் கரைப்பான்கள் எந்த விகிதத்தில், எந்த வேகத்தில் கலக்கப்பட்டன என்பதற்கும் அதே அளவு பங்குண்டு.

இதைத் தெளிவாக்கிய ஆய்வுகளில் முதன்மையானவை, மாண்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆடி ஐசன்பெர்க் குழுவினர் செய்தவை. 1995இல் லிஃபெங் ஜாங், ஐசன்பெர்க் இருவரும் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரை, நீண்ட பாலிஸ்டைரீன் துண்டும் குறுகிய பாலிஅக்ரிலிக் அமிலத் துண்டும் இணைந்த பலபடிகளைப் பற்றியது. பாலிஸ்டைரீன் துண்டு நீண்டதாக இருப்பதால் இவற்றை நேரடியாக நீரில் கரைக்க இயலாது. எனவே இரு துண்டுகளையும் கரைக்கும் டைமெத்தில்ஃபார்மமைடில் (டி.எம்.எஃப்) முதலில் கரைத்து, பிறகு நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்தார்கள். நீரின் அளவு ஓர் எல்லையைத் தாண்டியதும் பாலிஸ்டைரீன் துண்டுகள் ஒன்றுகூடி உட்கருவாகின்றன. அமிலத் துண்டுகள் அதைச் சுற்றி வெளியே நிற்கின்றன.

அதற்குப் பிறகு நடப்பது மூன்று விசைகளின் இழுபறி. நீர் கூடக் கூட உட்கருவுக்கும் கரைப்பானுக்கும் இடையிலான இடைமுக இழுவிசை ஏறுகிறது. மொத்தப் பரப்பைக் குறைக்க, திரள்கள் எண்ணிக்கையில் குறைந்து பருமனில் பெருக்கின்றன. ஆனால் உருண்டை பெரிதானால் அதன் மையம்வரை எட்ட உள்ளிருக்கும் சங்கிலிகள் நீண்டாக வேண்டும். வெளிச் சங்கிலிகளும் நெருங்கி ஒன்றையொன்று விலக்கும். இந்த நீட்சியின் ஆற்றல் செலவு தாங்க முடியாததாகும்போது உருண்டை கோலாகவும், கோல் ஈரடுக்குச் சுவர் கொண்ட நுண்பையாகவும் மாறுகிறது. டையாக்சேன்–நீர் கலவையில் நீரின் விகிதத்தை மட்டும் உயர்த்தி, ஒரே பலபடியை இந்த வரிசையில் நடத்திச் செல்ல முடிகிறது.

நீருடன் சேரும் கரிமக் கரைப்பானும் வடிவத்தைத் திருப்பும். பாலிஸ்டைரீனின் கரைதிறன் அளவுரு (அலகு: மெகாபாஸ்கலின் வர்க்கமூலம்) ஏறத்தாழ 18.5. டெட்ராஹைட்ரோஃபியூரானுக்கு (டி.எச்.எஃப்) அது சுமார் 19, டையாக்சேனுக்கு 20.5, டி.எம்.எஃப்புக்கு 24.8. அளவுரு நெருங்கியிருக்கும் கரைப்பான் உட்கருவுக்குள் அதிகம் புகுந்து அதை ஊதச் செய்கிறது; சங்கிலிகள் மேலும் நீள்கின்றன. டி.எம்.எஃப்பில் உருண்டையாக நிற்கும் பலபடி, டி.எச்.எஃப் கலந்தால் கோலாகவும் நுண்பையாகவும் மாறுவது இதனால்தான்.

உள்ளே புகுந்த கரைப்பானுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பாலிஸ்டைரீன் சுமார் 100 பாகை செல்சியசுக்குக் கீழே கண்ணாடிபோல் இறுகிவிடும். கரைப்பான் இருக்கும்வரை சங்கிலிகள் அசைந்து சமநிலையைத் தேடும். நீர் மிகுந்து கரைப்பான் வெளியேறினால் அப்போதிருந்த வடிவம் அப்படியே உறைந்துவிடும். ஆகவே நீரை ஒரே மூச்சில் ஊற்றுவதும் துளித்துளியாகச் சேர்ப்பதும் இருவேறு பொருள்களைத் தரலாம். செய்முறைக் குறிப்பில் சேர்த்த வேகத்தை எழுதாமல் விட்டால், அந்தச் சோதனையை மற்றொருவர் திரும்பச் செய்வது கடினம்.

இரண்டு நல்ல கரைப்பான்கள் சேர்ந்து கெட்ட கரைப்பானாவதும் உண்டு. பாலி(என்-ஐசோபுரொப்பைல்அக்ரிலமைடு) அறை வெப்பநிலையில் நீரிலும் கரையும், மெத்தனாலிலும் கரையும். மூலக்கூறுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மெத்தனாலாக உள்ள கலவையிலோ வீழ்படிவாகிறது. 1991இல் இதை ஆராய்ந்து எழுதிய மூவரில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற பலபடி அறிவியலாளர் எம். முத்துக்குமார். இப்பலபடியை ஒரு துண்டாகக் கொண்ட சங்கிலிகளில், மெத்தனாலின் அளவை மாற்றியே திரள்களை உருவாக்கவும் கலைக்கவும் முடியும்.

மருந்தேந்தும் நுண்துகள்களைச் செய்யும்போது வடிவம் அமைந்த பின் கரிமக் கரைப்பானைச் சவ்வூடு பிரித்தல் முதலிய முறைகளால் நீக்க வேண்டும். மருந்துகளில் எஞ்சலாம் எனப் பன்னாட்டு நெறிமுறை அனுமதிக்கும் அளவு டையாக்சேனுக்குப் பத்து இலட்சத்தில் 380 பங்கு, டி.எச்.எஃப்புக்கு 720, டி.எம்.எஃப்புக்கு 880. நச்சு குறைந்த அசிட்டோனுக்கு வரம்பு 5,000 வரை தளர்த்தப்பட்டிருப்பதால், அதில் கரையும் பாலிலாக்டிக் அமில வகைப் பலபடிகளுக்கு அதுவே பெரும்பாலும் தேர்வாகிறது.