சாயவேரைத் தெரியுமா?



நம் கரையோர மணலில் சாண் உயரத்துக்குப் படரும் ஒரு பூண்டு இருக்கிறது. நமக்கு அது வெறும் புல். ஆனால் 1658 இல் மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர், முத்தைப்போல இதன் வேரையும் தங்கள் தனியுரிமையாக வைத்திருந்தார்கள். அதுதான் சாயவேர். தமிழ்நாட்டில் இம்பூறல் என்பார்கள்.

வேர்ப்பட்டையில் அலிசரின் என்ற சாயம் இருக்கிறது. படிகாரம் ஏற்றிய பருத்தித் துணியை இந்த வேரோடு கொதிக்கவைத்தால் பிடிக்கும் சிவப்பு லேசில் போகாது. சோழமண்டலக் கரைத் துணிகளுக்கு ஐரோப்பா மயங்கியதற்கு அந்த நிறமும் ஒரு காரணம். 1697 இல் யாழ்ப்பாணத்து ஒல்லாந்தத் தளபதி ஸ்வார்டெக்ரூன் எழுதிவைத்த நிர்வாகக் குறிப்பிலேயே சாயவேர் பேசப்படுகிறது. வேர் குத்துவது குலக்கடமை என்று சுமத்தப்பட்ட ஏழைகள்தான் வெயிலில் குனிந்து தோண்டினார்கள். துணியின் அழகைப் பேசுகிறவர்கள் அவர்களைப் பேசுவதில்லை.

1868 இல் ஜெர்மனியின் கிரேபேயும் லீபர்மனும் அலிசரினை ஆய்வுகூடத்தில் செய்துவிட்டார்கள். சில வருடங்களில் அது மலிவாகச் சந்தைக்கு வந்தது. வேருக்கு மதிப்பில்லாமல் போனது. பிறகு 1990 ஒக்டோபரில் நாம் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டோம். பூண்டுகளைப் பெயர் சொல்லிக் காட்டக்கூடிய மூத்தவர்கள் பலர் புத்தளத்திலேயே மௌத்தாகிவிட்டார்கள். திரும்பி வந்த பிள்ளைகளுக்கு எல்லாமே புல்தான்.

சரி, எப்படி அடையாளம் காண்பது? இலை ஊசிபோல ஒடுங்கியது. கணுவில் எதிரெதிராகவோ கொத்தாகவோ இருக்கும். பூ கடுகளவுதான், வெள்ளை, நான்கு இதழ். இதே இனத்துப் பற்படாகமும் கிட்டத்தட்ட இப்படியே இருப்பதால்தான் குழப்பம். பற்படாகத்தில் ஒரு காம்பில் இரண்டு மூன்று, மிஞ்சினால் நாலைந்து பூக்கள் தளர்வாக நிற்கும். சாயவேரிலோ விறைத்த காம்பின் நுனியில் குடைக்கம்பிகள்போல ஒரே இடத்திலிருந்து பல பூக்கள் நெருங்கிக் கிளம்பும். இன்னும் சந்தேகமா? அடிமணலை விரலால் ஒதுக்கி வேரை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பற்படாகத்தின் வேர் மெல்லிய நார். சாயவேர் கட்டையாக, நீளமாக இறங்கும். பட்டை செம்மஞ்சளாகத் தெரியும்.

பார்த்ததும் மணலை மூடிவிடுங்கள், பிடுங்கவேண்டாம். முசலி, எருக்கலம்பிட்டி, தலைமன்னார்ப் பக்கம் கண்டவர்கள் பூங்கொத்து தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்துக் கீழே போடுங்கள். உங்கள் உம்மம்மா இதற்கு வேறு பெயர் சொல்லியிருந்தால் அதையும் எழுதுங்கள்.