வாயிலும் காவலும்

திருச்சிராப்பள்ளியில் 'கேட்' என்ற ஆங்கிலச் சொல்லை அறியாதார் இலர். பேருந்தில் ஏறுகிறவர் 'மெயின் கார்டு கேட்' என்று சொல்லிச் சீட்டு வாங்குகிறார். கல்லூரிக்கு ஒரு கேட், இருப்புப்பாதைக்கு ஒரு கேட், முக்கொம்பில் ஆற்றுக்கும் கேட். இத்தனை பொருள்களையும் இணைக்கும் கருத்து யாது? அதனை மாணவ நேயர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

முதற்கண் சொல்லைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் அது மதிலில் உள்ள திறப்பைக் குறித்தது. 866ஆம் ஆண்டில் யார்க் நகரைக் கைப்பற்றிய வடநாட்டு வைகிங் மக்களின் மொழியிலோ, அதனை ஒத்த 'காட்டா' என்ற சொல் தெருவைக் குறித்தது. ஆகவே யார்க் நகரில் ஸ்டோன்கேட், காப்பர்கேட் என்பன இன்றும் தெருக்களின் பெயர்களே. அந்நகரின் மதில் வாயில்களுக்கோ 'பார்' என்று பெயர். 'பார்' என்றால் குறுக்கே இட்டுத் தடுக்கும் கட்டை! ஒரே ஊரில் 'கேட்' வழியாயிற்று. வாயிலுக்குத் தடை என்பதே பெயராயிற்று. வாயிலின் இயல்பு முழுவதும் இவ்விரு பெயர்களில் அடங்கியிருக்கிறது.

நம் மொழியில் இல்லத்தின் வாய் என்பதே வாயில். 'இல்வாய்' என்பது முன்பின்னாக மாறி நின்றமையால் இதனை இலக்கணப் போலிக்குச் சான்றாக நீங்கள் படித்திருப்பீர்கள். அகப்பாடல்களில் தலைவனுக்காகத் தூது வரும் பாணனுக்கும் தோழிக்குங்கூட வாயில் என்று பெயர். ஊடல் கொண்ட தலைவி இசைந்தால் வாயில் நேர்வாள். இசையாவிடின் வாயில் மறுப்பாள். ஆக, வாயில் என்றவுடன் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. திறக்கவும் மூடவும் உரியவர் யார்?

இக்கேள்வியோடு காவிரியைக் கடந்து திருவரங்கம் செல்வோம். ஏழு திருச்சுற்றுகளும் இருபத்தொரு கோபுரங்களும் கொண்ட அக்கோயிலில் வாயில்களுக்கே தனித்தனிப் பெயர்கள் உண்டு. நாழிகேட்டான் வாசல், ஆரியபட்டாள் வாசல், பரமபத வாசல் என அவை விளங்குகின்றன. பரமபத வாசல் வைகுண்ட ஏகாதசியன்று திறக்கப்படும்போது பல்லாயிரவர் அதன் வழியே செல்கின்றனர். ஆனால் அக்கோயில் கண்ட வாயில்களுள் என் உள்ளத்தை மிகவும் உருக்குவது அடைக்கப்பட்ட வாயில் ஒன்றேயாகும். 1323ஆம் ஆண்டில் தில்லிப் படை வந்தபோது, மூலவர் முன்னே கற்சுவர் எழுப்பி மறைத்தனர் என்றும், உற்சவரை எடுத்துக்கொண்டு அடியார்கள் தெற்கு நோக்கிச் சென்றனர் என்றும் கோயில் மரபு கூறுகிறது. உற்சவர் ஊர் ஊராகச் சென்று மீண்டும் திருவரங்கம் சேர்ந்தது 1371ஆம் ஆண்டில். நாற்பத்தெட்டு ஆண்டுகள்! வாயிலைக் காக்க வலியின்றிப் போனபோது, வாயிலையே இல்லாமற் செய்து உள்ளிருந்ததைக் காத்தனர்.

பின்னொரு காலத்தில் கோட்டை வாயிலும் கோயில் வாயிலும் ஒரே போரில் அகப்பட்டுக்கொண்டன. 1751ஆம் ஆண்டில் முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் இருந்தார். சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் வெளியே முற்றுகையிட்டனர். மறு ஆண்டில் நிலை தலைகீழாயிற்று. முற்றுகையிட்டவர்களே திருவரங்கத் தீவுக்குப் பின்வாங்கிக் கோயிலின் புறமதில்களுக்குள் ஒடுங்கினர். 1752 ஜூன் மாதத்தில் பிரெஞ்சுத் தளபதி லா சரணடைந்தார். இறைவனுக்காக எழுந்த மதில் பீரங்கிக்கு அரணாக நின்ற விந்தை இது.

அக்கோட்டை மதில்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டன, அகழி தூர்க்கப்பட்டது. அங்கே அமைந்த சாலைகளுக்கு ஆங்கிலேயர் 'புலவார்டு' என்று பெயரிட்டனர். நம் மக்கள் அதனை மேலப்புலிவார்டு ரோடு, கீழப்புலிவார்டு ரோடு என்று புலியாக்கிக்கொண்டனர்! 'புலவார்டு' என்ற சொல்லின் மூலப் பொருளே கோட்டை அரண் என்பதாம். மேற்கு வாயில் மட்டும் மெயின் கார்டு கேட் என்ற பெயருடன் எஞ்சி நிற்கிறது. மதிலும் இல்லை, காவற்படையும் இல்லை. 'காவல்' என்னும் சொல் மட்டும் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் எல்லா வாயிலும் இவ்வாறு வெறும் பெயராகிவிட முடியாது. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. ஆதலால் நீர் அப்பக்கமே ஓடித் தஞ்சை வயல்கள் வாடின. 1836ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டினார். பின்னர் அதில் இரும்புக் கதவுகள் அமைந்தன. எப்போது எவ்வளவு நீர் எப்பக்கம் செல்லவேண்டும் என்பதை மனிதன் தன் கையில் எடுத்துக்கொண்டான். 2018 ஆகஸ்டு 22 இரவில், பெருவெள்ளத்தில் 45 மதகுகளுள் 9 இடிந்து அடித்துச் செல்லப்பட்டன. அன்று அவ்வுரிமையை ஆறு திரும்பப் பெற்றுக்கொண்டது. பின்னர் அங்கே புதிய அணை எழுந்தது. இத்தகைய அணைக்குத் தமிழில் கதவணை என்று பெயர். எத்துணைப் பொருத்தமான சொல்!

மனிதரை மனிதர் தடுத்த வாயில்களும் இருந்தன. ஒடுக்கப்பட்ட மக்கள் நூற்றாண்டுகளாகக் கோபுரத்துக்கு வெளியிலேயே நின்று வணங்கினர். 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் அவர்களோடு நுழைந்தார். 1947ஆம் ஆண்டின் கோயில் நுழைவுச் சட்டம் சென்னை மாகாணக் கோயில்களை இந்துக்கள் அனைவருக்கும் திறந்தது. அதற்காக ஒரு கல்லையும் பெயர்க்கவேண்டியிருக்கவில்லை. கதவுகளும் புதியன அல்ல. உரிமைதான் கை மாறியது.

அந்நியரைத் தடுத்தல் வேறு, வெள்ளத்தைத் தடுத்தல் வேறு, உடன்பிறந்தாரைத் தடுத்தல் வேறு. மூன்றுக்கும் நாம் ஒரே சொல்லை வழங்குகிறோம்; மூன்றையும் ஒன்றாக எண்ணிவிடலாகாது. மாணவர்களே, அடுத்த முறை மெயின் கார்டு கேட்டைக் கடக்கும்போது சிறிது நின்று அண்ணாந்து பாருங்கள். இதன் வழியே யார் நுழைந்தனர், யார் தடுக்கப்பட்டனர், அதனை முடிவு செய்தவர் யார் என்று வினவுங்கள். உங்கள் ஊரின் வரலாற்றைப் படிக்க அதனினும் நல்ல தொடக்கம் வேண்டுவதில்லை.