மருந்துக்காக எழுந்த குரல்

மருந்து இருந்தும் அது ஏழைக்கு எட்டாதெனின், அதனால் ஆகும் பயன் யாது? எய்ட்ஸ் நோய் பரவிய தென்னாப்பிரிக்காவில் இவ்வினா எழுந்தது. மலிவு விலை மருந்துக்கு வழிகோலும் சட்டத்தை அந்நாடு 1997இல் இயற்றியது. மறு ஆண்டே மருந்து நிறுவனங்கள் அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 1998 டிசம்பர் 10இல் சிகிச்சை நடவடிக்கை இயக்கம் தோன்றியது.

2001 மார்ச் 5இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியபோது, நோயாளிகளும் ஆதரவாளரும் வீதியில் அணிவகுத்தனர். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, வழக்கைக் கைவிடக் கோரி இணையத்தின்வழி பன்னாட்டு மக்களின் கையொப்பங்களைத் திரட்டியது. ஏப்ரல் 19இல் 39 நிறுவனங்களும் வழக்கை மீட்டுக்கொண்டன.

குரலைக் கடல் கடத்தியது இணையம். அக்குரலை எழுப்பியவர் வீதியில் நின்ற நோயாளிகள். கருவி புதிதாயினும் போராட்டத்தின் உயிர் மாந்தரிடமே உள்ளது என்பதை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும்.