பேதி மருந்தும் பன்னீர் திராட்சையும்

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைக்கென்று தனியாக ஒரு பருவம் கிடையாது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் என்று எந்தப் பக்கம் போனாலும், வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் வெட்டு நடந்துகொண்டிருக்கும். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் இந்தக் கொடியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, குமாஸ்தா வேலையில் இந்தப் பக்கம் வந்து, இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்ட எனக்கு அந்தப் பாதிரியார் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு.

இப்போது அந்தத் திராட்சை வைத்தியத்துக்கும் வந்துவிட்டது. என் மைத்துனருக்குப் பித்தப்பையில் கல் என்று போன வருடம் பையையே எடுத்துவிட்டார்கள். எட்டு மாதம் ஆகியும் சாப்பிட்டவுடன் உப்புசம்; வாரத்தில் மூன்று நாள் கழிச்சல். “மச்சான், மூணு நாள் வெறும் திராட்சைச் சாறு, நாலாம் நாள் காலையில பேதிக்கு ஒரு பொடி. குடல், கல்லீரல் எல்லாத்தையும் கழுவி விட்டுருமாம். டீடாக்ஸ்னு பேரு” என்றார். அவருக்குச் சர்க்கரை உண்டு, ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரையும் உண்டு. வேண்டாம் என்று ஒரே சொல்லில் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. அதனால் பழைய கதையிலிருந்து ஆரம்பித்தேன். அதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

வயிற்றைக் கழுவுவது நமக்குப் புதிதா என்ன? நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் விளக்கெண்ணெய் ஞாபகம் இருக்கும். விடிந்ததும் மூக்கைப் பிடித்து ஊற்றி, மேலே வெந்நீர் கொடுத்து, பிற்பகலில் ரசஞ்சோறு போடுவார்கள். சித்த வைத்தியத்தில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்குக் குடிப்பது ஒரு விதி. அந்தக் காலத்தில் அதற்கு ஒரு வேலையும் இருந்தது: வெறுங்காலில் திரிந்த பிள்ளைகளின் வயிற்றில் பூச்சி இல்லாமல் இருக்காது. பூச்சி மருந்து கொடுத்து, பின்னாலேயே பேதி கொடுத்தால் செத்த பூச்சி வெளியே வரும். ஆனால் விவரம் தெரிந்த வைத்தியர் நாடி பார்க்காமல் கொடுக்க மாட்டார். கர்ப்பிணிக்கும், தளர்ந்த கிழவருக்கும், ஏற்கெனவே கழிச்சல் உள்ளவருக்கும் கொடுக்கவே மாட்டார். அதிலும் நேர்வாளம் சேர்ந்த மருந்து என்றால் கை நடுங்கித்தான் கொடுப்பார்.

பிரான்சில் இந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை. பதினான்காம் லூயி மன்னருக்கு வாலோ, தாக்கேன், ஃபகோன் என்று மூன்று மருத்துவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். மன்னர் எப்போது பேதிக்குக் குடித்தார், எத்தனை தடவை போனார் என்று நாட்குறிப்பே எழுதி வைத்தார்கள். எங்கள் அலுவலகத்தில் கூட வருகைப் பதிவேட்டை அவ்வளவு ஒழுங்காக எழுதியதில்லை! இத்தனை கழுவியும் மன்னருக்குப் பவுத்திரம் வந்தது. 1686 நவம்பர் 18-ம் தேதி ஃபெலிக்ஸ் என்ற அறுவை மருத்துவர் கத்தி வைத்த பிறகுதான் குணமானது. அதற்கு முன்பே, 1673-ல், மோலியேர் ‘கற்பனை நோயாளி’ நாடகத்தில் இந்தக் கூத்தைக் கேலி செய்துவிட்டார். திரை தூக்கியதும் கதாநாயகன் உட்கார்ந்து, தான் குடித்த பேதிக்கும் வைத்துக்கொண்ட எனிமாவுக்கும் மருந்துக்கடைக்காரர் போட்ட பில்லைக் கூட்டிக்கொண்டிருப்பார். பில்லைச் சரிபார்க்கும் அந்த இடம், குமாஸ்தாவான எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இதற்கு விஞ்ஞானச் சட்டை போட்டுவிட்டவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான். 1887-ல் பாரிஸின் ஷார்ல் பூஷார், குடலில் தங்கும் கழிவு ரத்தத்தில் கலந்து உடம்பையே விஷமாக்குகிறது என்று எழுதினார். அதை நம்பி லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்பவர், மலச்சிக்கல் வந்தவர்களின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். 1919-ல் அமெரிக்க மருத்துவர் வால்டர் ஆல்வாரெஸ் ஒரு எளிய விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். மலம் கழிந்த அந்த நிமிடமே தலைவலி விட்டுவிடுகிறதே, விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தால் அப்படி உடனே விடுமா? குடல் நிறைந்து அழுத்துவதால் வந்த தொல்லைதான் அது. மருத்துவர்கள் அந்தக் கொள்கையைக் கைவிட்டார்கள், வியாபாரிகள் எடுத்துக்கொண்டார்கள்.

திராட்சைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஜொஹானா பிராண்ட் 1928-ல் புத்தகம் போட்டு, திராட்சை மட்டும் தின்றால் புற்றுநோயே போகும் என்றார். அது நிரூபணமாகவே இல்லை. பிரான்சில் முவாசாக் என்ற ஊரில் 1930-களில் ஆற்றங்கரையில் மண்டபம் கட்டித் திராட்சைச் சாறு ஊற்றினார்கள்.

இன்றைய பொட்டலங்களைத் திருப்பிப் பாருங்கள். டீடாக்ஸ் தேநீர் என்று விற்பதில் பலவற்றில் இருப்பது சென்னா, அதாவது நம் நிலாவாரை இலை. திருநெல்வேலி, தூத்துக்குடிக் கரிசலில் விளைந்து, திருநெல்வேலிப் பெயரோடே கப்பலேறிய சரக்கு. தாத்தா காலத்துப் பேதி மருந்து, ஆங்கிலப் பெயரோடு திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் பித்தக்கல் பச்சையாக வெளியே வரும் என்று இன்னொரு முறையும் உண்டு. அப்படி வந்த ‘கற்களை’ச் சோதித்து, 2005-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். அவை கல்லே இல்லை. குடித்த எண்ணெய் வயிற்றுக்குள் சோப்பாகத் திரண்டது.

சரி, பித்தப்பை போனவருக்கு என்னதான் நடக்கிறது? கல்லீரல் தினமும் அரை லிட்டருக்கு மேல் பித்தநீர் சுரக்கிறது. பை அதைச் சேர்த்து வைத்து, நெய்யும் கறியும் உள்ளே போகும்போது பீய்ச்சும். பை இல்லாவிட்டால் அது சொட்டுச் சொட்டாகக் குடலில் இறங்கிக்கொண்டே இருக்கும். பெரும்பாலோருக்கு உடம்பு பழகிவிடும். சிலருக்குப் பித்த அமிலம் பெருங்குடல் வரை போய் அரித்துக் கழிச்சலாகும். அதைப் பிடித்துவைக்க கொலஸ்டிரமின் என்ற தூள் மருந்து இருக்கிறது. சிலருக்குக் குழாயில் ஒரு கல் மிச்சம் இருக்கும். சிலருக்கு உள்ளே தழும்பு ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னும் சிலருக்கு முதலிலிருந்தே தொல்லை இரைப்பையிலோ குடலிலோ இருந்திருக்கும். பழி மட்டும் பித்தப்பை மேல். இதில் எதற்கும் ‘அழுக்கு’ காரணமில்லை. ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் வயிற்றுக்கு நிலாவாரை கொடுத்தால் உடம்பிலுள்ள தண்ணீரும் உப்பும்தான் போகும். நீர் மாத்திரை சாப்பிடும் கிழவருக்கு அது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். சர்க்கரைக்காரருக்கு மூன்று நாள் திராட்சைச் சாறு எதற்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கண் மஞ்சளாவது, குளிர்க் காய்ச்சல், விடாத வாந்தி, கறுப்பாகவோ ரத்தமாகவோ மலம், காரணமில்லாத இளைப்பு: இதில் எது வந்தாலும் பொடி, சாறு என்று ஒரு நாளும் கடத்தக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மைத்துனர் முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்ப விளக்கெண்ணெய் மட்டும் கொஞ்சம்?” என்றார். பிறகு அவராகவே சிரித்துவிட்டார். என்றைக்கு என்ன சாப்பிட்டார், எத்தனை தடவை போனார் என்று இரண்டு வாரம் நோட்டில் எழுதச் சொன்னேன். எழுதினார். பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்ட நாளுக்கு மறுநாள் எல்லாம் நாலு, ஐந்து என்று இருக்கிறது. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை மருத்துவரிடம் போகிறோம், ஸ்கேனும் அன்றைக்கே.