அப்பா பெயரில் ஒரு நேயர் விருப்பம்

கொஞ்ச நாளாகக் காலை ஐந்து மணிக்கு எழுந்ததும் நான் கேட்பது ஒரே ஒரு பாட்டுத்தான். 'பாசமலர்' படத்தில் வரும் தாலாட்டு. 1961இல் வந்த படம். கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசையமைத்து, சௌந்தரராஜனும் சுசீலாவும் பாடியது. எந்தப் பாட்டு என்று நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "தாத்தா, தினமும் இதேதானா? வேற பாட்டே இல்லையா?" என்று பேரன் கேட்டான். காரணம் சொல்ல வேண்டுமானால் அறுபது வருஷத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம். வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. திருகினால் உடனே பாடாது. சூடேறி, பச்சை விளக்கு எரிந்து, கொஞ்சம் கரகரத்துவிட்டுத்தான் வாய் திறக்கும். அதற்கு வருஷா வருஷம் தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். அந்த லைசென்ஸ் புத்தகத்தை அப்பா நிலப் பத்திரத்தோடு சேர்த்துப் பெட்டியில் வைத்திருந்தார்.

ரேடியோ அப்பாவுக்குச் சொந்தம். அவருக்கு நாதஸ்வரம்தான் உயிர். 1956 டிசம்பரில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலமானபோது அப்பா இரண்டு வேளை சாப்பிடவில்லை என்று அம்மா சொல்வார். திருச்சி நிலையத்தில் கச்சேரி, செய்தி, சனிக்கிழமை இரவு தேசிய இசை நிகழ்ச்சி, இவ்வளவுதான் எங்கள் வீட்டில் ஒலிக்கலாம். "சினிமாப் பாட்டு காதைக் கெடுக்கும், புத்தியையும் கெடுக்கும்" என்பது அவர் கட்சி.

அப்பாவை மட்டும் குறை சொல்லக் கூடாது. டெல்லியிலேயே அப்படி ஒருவர் இருந்தார். 1952இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், தாமே சாஸ்திரிய சங்கீதம் கற்றவர். மேற்சொன்ன தேசிய இசை நிகழ்ச்சி அவர் காலத்தில் வந்ததுதான். எத்தனையோ வித்வான்களை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து உட்கார வைத்த புண்ணியம் அவருக்கு உண்டு. ஆனால் சினிமாப் பாட்டை அவருக்குப் பிடிக்காது. பாட்டோடு படத்தின் பெயரையும் சொன்னால் அது விளம்பரம் ஆகிவிடும், சொல்லக் கூடாது என்றார்கள். பெயர் சொல்லாவிட்டால் பாட்டே கிடையாது என்று இந்திப் படத் தயாரிப்பாளர்கள் முறுக்கிக்கொண்டார்கள். சண்டையில் சினிமாப் பாட்டு அகில இந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய காணாமல் போனது. தமிழ் நிலையங்களிலும் அதற்கு இடம் சுருங்கியது.

கேட்க ஆசைப்பட்ட ஜனங்கள் சும்மா இருப்பார்களா? முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது மவுண்ட்பேட்டனின் தென்கிழக்கு ஆசியப் படைத் தலைமையகம் கண்டியில் இருந்தது. அந்தப் படையினருக்காகக் கொழும்புக்கு அருகே ஏக்கலையில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி ஒன்றை அமைத்தார்கள். போர் முடிந்த பிறகு அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. சிப்பாய்களுக்காக வைத்த இயந்திரம், நம் வீட்டு அடுப்படிகளுக்குப் பாட்டு அனுப்ப ஆரம்பித்தது. இந்திக்காரர்களுக்கு அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா'. நமக்குத் தமிழ்ச் சேவையின் 'பொங்கும் பூம்புனல்', பிற்காலத்தில் அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு'. டெல்லியும் விழித்துக்கொண்டு 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதியைத் தொடங்கியது. ஆனால் எங்கள் கரைக்குக் கொழும்புதான் பக்கம், குரலும் தெளிவு.

அப்பா வெளியே போனதும் அக்கா முள்ளைத் திருப்புவாள். திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டதும் பழைய இடத்துக்கே கொண்டுவந்து அணைத்துவிடுவாள். ரேடியோ சூடாக இருக்கிறதா என்று அப்பா தொட்டுப் பார்த்த நாளும் உண்டு.

அக்காவுக்குப் பாட்டைவிட நேயர் விருப்பத்தில் வாசிக்கும் பெயர்கள்தான் பிடிக்கும். ஒரு பாட்டு வருமுன் பத்து ஊர், முப்பது பெயர் வரும். யாழ்ப்பாணத்தில் ஒரு வீடு, மட்டக்களப்பில் ஒரு வீடு, பரமக்குடியில் ஒரு வீடு. முன்பின் தெரியாதவர்கள் எல்லாரும் ஒரே பாட்டுக்காகக் காத்திருப்பார்கள். அக்காவும் 'பாசமலர்' தாலாட்டைக் கேட்டு யாருக்கும் தெரியாமல் கடிதம் போட்டாள். ஒன்று, இரண்டு அல்ல. மாதக்கணக்கில் போட்டாள்.

ஒரு சாயங்காலம் அப்பா செய்திக்காக ரேடியோவைப் போட்டார். முள் கொழும்பிலேயே நின்றிருந்தது. அக்கா மாற்ற மறந்துவிட்டாள். அறிவிப்பாளர் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார். அடுத்தது அப்பாவின் பெயர். பிறகு அம்மா, அக்கா, நான். எல்லாருக்கும் முதலில் அப்பா பெயரை எழுதியிருந்தாள். கை திருகிலேயே இருக்க, அப்பா பாட்டு முடியும்வரை நின்றுகொண்டே கேட்டார். அக்கா கதவுக்குப் பின்னால் அழத் தயாராக இருந்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் டீக்கடையில், கடைத்தெருவில், கோயிலில், "என்ன, உங்க பேர் ரேடியோவுல வந்துச்சாமே!" என்று ஊரே விசாரித்தது. அடுத்த வாரம் அதே நேரத்துக்கு அப்பாவே முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார். "செய்திக்கு இன்னும் நேரம் இருக்கு" என்று பொதுவாக ஒரு சமாதானம் சொன்னார். கேஸ்கரை விவித் பாரதி மாற்றியதோ என்னவோ, எங்கள் வீட்டுக் கேஸ்கரை மாற்றியது அவருடைய பெயர்தான்.

இப்போது எந்தப் பாட்டையும் யாரிடமும் கேட்க வேண்டாம். கைபேசியில் தொட்டால் வருகிறது. ஆனால் பாட்டுக்கு முன்னால் பெயர்கள் வருவதில்லை. அவரவர் காதில் அவரவர் பாட்டு.

அக்காவுக்கு எண்பது தாண்டிவிட்டது. திருச்சியில் மகள் வீட்டில் இருக்கிறாள். ஞாபகம் தப்பிவிட்டது; போனில் பேசினால் நான் யார் என்றே கேட்பாள். அவள் விடியற்காலை ஐந்துக்கு விழித்துக்கொள்வாள். போன மாதம் ஒரு நாள் அந்த நேரத்துக்குக் கூப்பிட்டு அந்தத் தாலாட்டைப் போட்டேன். பதிலே இல்லை. மறுநாள் ஒரு யோசனை வந்தது. பாட்டுக்கு முன்னால், இலங்கை வானொலி அறிவிப்பாளர் மாதிரி எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி, அம்மா பெயர், அவள் பெயர், என் பெயர் என்று வாசித்தேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அக்கா சொன்னாள்:

"அப்பா பேரை விட்டுட்டியேடா."

அதனால்தான் தினமும் அதே பாட்டு. இப்போதெல்லாம் அப்பா பெயரைத்தான் முதலில் வாசிக்கிறேன்.