சக்கையும் தைல மரமும்

கந்தர்வகோட்டை பக்கமோ அறந்தாங்கி பக்கமோ பஸ்ஸில் போனவர்கள் தைல மரக் காடுகளைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. காடு என்றுதான் சொல்கிறோம். உண்மையில் அது வரிசை பிடித்து நட்ட தோட்டம். புதுக்கோட்டை தனி மாவட்டமான அதே 1974-இல்தான் தமிழ்நாடு வனத் தோட்டக் கழகமும் தொடங்கப்பட்டது. காகித ஆலைகள் நம்பியிருந்த மூங்கில் குறைந்துகொண்டே வர, சீக்கிரம் வளர்ந்து, வெட்டினாலும் மறுபடி துளிர்க்கும் தைல மரம் கூழ் மரமாக நம்ம ஊர் செம்மண்ணில் வேரூன்றியது.

மரம்தான் வேண்டுமா என்று கேட்டவர்களும் உண்டு. 1979-இல் தமிழக அரசு தொடங்கிய டி.என்.பி.எல். நிறுவனம், கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாக எடுத்துக்கொண்டு, கரூர் அருகே காகிதபுரத்தில் 1984-இல் உற்பத்தியைத் தொடங்கியது. கேட்க எளிது, செய்வது அப்படியல்ல. மூன்று முடிச்சுகளை அவிழ்க்க வேண்டியிருந்தது.

முதலாவது, சர்க்கரை ஆலைகள் சக்கையைத்தான் கொதிகலனில் எரித்து நீராவி எடுக்கின்றன. அதைச் சும்மா கொடுப்பார்களா? அதற்கு ஈடாக வேறு எரிபொருளும் அதை எரிக்கத் தோதான கொதிகலனும் தருவதாக ஏற்பாடு செய்தார்கள். இரண்டாவது, கரும்பு அரவை வருடத்தில் சில மாதம்தான். காகித ஆலையோ வருடம் முழுக்க ஓடணும். காய்ந்த சக்கை தீப்பிடிக்கும், மக்கியும் போகும். அதனால் தண்ணீர் விட்டு ஈரமாகவே மலைபோல் குவித்து வைத்தார்கள். மூன்றாவது, சக்கையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நாரே இல்லாத, பஞ்சு போன்ற சோறு. அது ரசாயனத்தைக் குடிக்கும். கூழிலிருந்து தண்ணீரை வடிய விடாது. அதைப் பிரித்தெடுத்துக் கொதிகலனுக்கே அனுப்பினார்கள்.

ஆனாலும் மரத்தை முழுசாக விட்டுவிட முடியவில்லை. சக்கைக் கூழோடு மரக்கூழும் சேர்கிறது. ஆகவே தைல மரத்தின் கணக்கு இன்னும் முடியவில்லை.

அந்தக் கணக்கில் விடுபட்டது தண்ணீர். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத மாவட்டம் இது. வெள்ளாற்றிலும் மழை பெய்தால்தான் தண்ணீர். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய், குளங்களை நம்பித்தான் வெள்ளாமை. தைலத் தோட்டத்துக்குள் மழைநீரைத் தேக்க வெட்டிய குழிகளும் போட்ட வரப்புகளும் வரத்து வாரியை மறித்துவிட்டன, கண்மாய்க்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்பது நம் விவசாயிகளின் நெடுநாள் முறையீடு. தைல மரத்தால் கூலி வேலை கிடைத்தது, விறகு கிடைத்தது. அதையும் மறுக்க முடியாது. ஆனால் கண்மாய் நிரம்பாத வருடத்தின் நஷ்டம் ஆலையின் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

நாம் படித்த 'மெட்டீரியல் பேலன்ஸ்' ஆலை வாசலில் தொடங்கி ஆலை வாசலிலேயே முடிந்துவிடுகிறது. அது வரத்து வாரியிலிருந்து தொடங்க வேண்டும். இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு தேடி வெளியூருக்கு அலைய வேண்டாம். ஒரு தைலத் தோட்டத்தையும் அதற்குக் கீழேயுள்ள ஒரு கண்மாயையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மழைக்காலம் முழுக்க, பெய்வது எவ்வளவு, வந்து சேர்வது எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். சக்கையிலிருந்து காகிதம் எடுத்த தொழில்நுட்பத்துக்குச் சற்றும் குறையாத வேலை அது.